மூட்டையோட கொண்டா

அன்றைக்கு மூன்றாவது வளைவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு கள்ளக்குறிச்சியில் பத்துப் பதினைந்து பேர் 'நானும் அங்கதான் இருந்தேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதெல்லாம் பொய். இருந்தது ஐந்தே பேர். நான். என் வண்டியின் கியர் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும் என்று சொன்ன மெக்கானிக். பிரிக்கத் தேவையில்லை என்று சொன்ன பாயம்மா. பாயம்மாவைத் தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்த அவர் கணவர். கீழே போகும் பஸ்ஸுக்காக இரண்டு பலாப்பழத்தோடு பாறைமேல் உட்கார்ந்திருந்த ஒரு மலைக்காரப் பெண். அவ்வளவுதான். வேறு யாராவது இருந்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பாயம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை. கடைவீதியில் எல்லோரும் பாயம்மா என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். அவர்களுடையது டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சாமான் விற்கிற கடையில் சாமான் விற்க மாட்டேன் என்று சொல்கிற ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன்.

உதாரணத்துக்கு ஒன்று. ஒரு பையன் வந்து, தெருவே அதிர்கிற மாதிரி ஒரு சைலன்சர் கேட்டான். அந்த மாதிரி மூன்று பின்னால் அலமாரியில் கிடந்தன, எனக்கே தெரிந்தது.

"இல்ல" என்றார் பாயம்மா.

"அதோ இருக்குதே பாயம்மா."

"இருக்குது. உனக்கு இல்ல."

"காசு தரேன் இல்ல?"

"காசு தரவன் எல்லாம் என் காதுக்குச் சொந்தக்காரனா? இந்த ரோட்லதான நீ ஓட்டப்போற? நான்தான கேக்கணும்? போ, போய் நல்ல ஆரன் வேணா வாங்கிக்கினு போ, தரேன்."

அந்தப் பையன் முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனான். கல்லாவில் உட்கார்ந்திருந்த பாய், அதாவது அவர் கணவர், என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரியும். நானும் பாயும் ஒரே வகை ஆட்கள். யாராவது சத்தமாகப் பேசினால் எங்கள் இரண்டு பேருக்கும் வயிற்றைக் கலக்கும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதை மட்டும் யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டேன். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் உப்பு, வெங்காயம், பருப்பு, சோப்பு என்று வாங்கி, வண்டியில் கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, கரியாலூர்ப் பக்கத்துச் சின்னச் சின்னக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். வண்டி பழைய மோட்டார் பைக். நாலு கியர். முன்னால் விரலால் மிதித்தால் ஏறும், பின்னால் குதிகாலால் மிதித்தால் இறங்கும். மூட்டை கட்டுவதற்காக இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் பற்றவைத்திருந்தேன். அந்தச் சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருஷம் கியர் என்னைக் கைவிட ஆரம்பித்தது. ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மிதித்தால் விழும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு மிதித்தால் லீவர் செத்ததுபோலக் கிடக்கும். வண்டி திணறி நின்று, அணைந்து, பின்னால் உருளும். கொஞ்சம் சமமான இடம் வந்து கியரை ஏற்றினாலோ, அது பாதியில் எங்கேயோ நின்றுகொள்ளும். எஞ்சின் மட்டும் கத்தும், சக்கரம் சும்மா இருக்கும். ஒருமுறை நாலாவது வளைவில் அப்படிப் பின்னால் உருண்டு சாய்ந்தேன். முழங்கால் கிழிந்தது. வெங்காயம் வளைவு முழுக்க ஓடியது. பின்னால் வந்த ஜீப் என் தலைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது.

என் மனைவி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். "வண்டிய வித்துடு. எங்கண்ணன்கூட பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போ. வெங்காயம் விக்கப்போய் உன்னப் பொணமா எட்த்துக்கினு வர என்னால ஆவாது."

சித்தாள் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினோரு கடைக்காரர்கள் என்னை 'உப்புக்காரரே' என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு பெயரைத்தான் நான் வாழ்க்கையில் சம்பாதித்திருந்தேன். அது கியரோடு சேர்ந்து போய்விடும் போலிருந்தது.

எல்லாம் செய்து பார்த்தேன். ஆயில் மாற்றினேன். கிளட்ச் கேபிள் மாற்றினேன். செயினை இறுக்கினேன். ரப்பர் செருப்புதான் வழுக்குகிறது என்று ஒருவர் சொல்ல, வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்துக் குதிகால் புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பல்லு தேஞ்சி போச்சி, பெட்டியப் பிரிச்சே ஆவணும்" என்றார். கூலிக்கு முன்பணம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டார். வாங்கவேண்டிய சாமான்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு பாயம்மா கடைக்குப் போனேன்.

அவர் சீட்டை வாங்கி ஒருமுறை படித்தார். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்ப மாட்டேங்குது?"

"மலை ஏறும்போதும்மா."

"எறங்கும்போது?"

"நல்லா விழுது."

"டவுன்ல?"

"ஒண்ணும் பிரச்சன இல்லம்மா."

"பல்லு தேஞ்சா டவுன்லயும் தேஞ்சிதான இருக்கும்? மலைக்கு மட்டும் தனியா ஒரு பல்லு வெச்சிக்கினு இருக்குதா உன் வண்டி?"

பாய் மெல்ல, "அவங்க எழுதிக் குட்த்துட்டாங்க, நம்ம குட்த்துடலாமே" என்றார்.

"குடுக்க மாட்டேன்." சீட்டை என் பக்கமே தள்ளிவிட்டார். "தம்பி, மெக்கானிக்கு வண்டிய எப்பிடிக் காட்ன?"

"கழுவி, தொடச்சி எட்த்துக்கினு போனேம்மா."

"மூட்ட?"

"மூட்டையெல்லாம் மச்சான் வூட்ல எறக்கி வெச்சிட்டுத்தான்."

மெக்கானிக் பட்டறைக்கு யாராவது உப்பு மூட்டையோடு போவார்களா? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவதில்லையா, அதுபோலத்தான். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பாயம்மா கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"வவுத்து வலின்னு டாக்டராண்ட போய், வவுற வூட்ல வெச்சிட்டு வந்தேன்னு சொல்ற. மூட்டையோட கொண்டா."

இந்த 'மூட்டையோட கொண்டா'வை அவர் வாயில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் ஒருவர், தன் வண்டியில் செயின் அறுந்துகொண்டே இருக்கிறது என்று நாலாவது செயின் கேட்டு வந்தபோதும் அதையேதான் சொன்னார். அவர் தன் மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு ஆடு சகிதம் வந்து நின்றார். பாயம்மா செயின் தரவில்லை. "ஆட்ட பஸ்ல அனுப்பு" என்றார்.

சொந்தக்காரர்களிடமும் அதே பிடிதான். பொம்பளை கடை முகப்பில் உட்காருவது நல்லாயில்லை, உள்ளே அலமாரிப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும் என்று பாயின் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். பாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பாயம்மாவின் நாற்காலி வாசல்படிக்கு வந்துவிட்டது. முன்பாவது கடைக்குள் போனால்தான் அவரைப் பார்க்கலாம். இப்போது பஸ்ஸில் போகிறவர்களும் பார்த்தார்கள்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சங்கராபுரத்துப் பக்கம் ஒரு வாத்தியார் கிளட்ச் பிளேட் கேட்டு வந்தார். இன்னும் ஒரு வருஷம் ஓடும், போங்க என்று திருப்பி அனுப்பினார் பாயம்மா. பத்தே நாளில் வாத்தியார் நடுவழியில் நின்று, மழையில் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாயம்மா மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கிளட்ச் பிளேட்டை எடுத்து வைத்தார், காசு வேண்டாம் என்றார், ஒரு துண்டும் கொடுத்தார். பிறகு சொன்னார்: "இன்னிக்கித் தேஞ்சிருக்குது சார். அன்னிக்கித் தேயல." வாத்தியாருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. எனக்கோ அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. என் வண்டி விஷயத்திலும் இப்படி ஆகிவிட்டால்? வாத்தியாருக்கு மழை. எனக்குப் பள்ளத்தாக்கு.

சாமான் தர மறுத்த செய்தி மெக்கானிக்குக்குப் போய், அவரே பாயம்மா கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னா பாயம்மா, நீங்க சாமான் விக்கறவங்களா, ரிப்பேர் பாக்கறவங்களா?"

"விக்கறவதான். வேணாங்கற எடத்துல விக்க மாட்டேன்."

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? சொல்லுங்க. ஒரு நாளாவது ஆண்டில்பார் புடிச்சி இருக்கீங்களா?"

"தெரியாது. பல்லு புடுங்கற டாக்டருங்கல்லாம் பல்லு வலி வந்துதான் படிச்சாங்களா?"

ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். நான் நடுவில். என் வண்டிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை போடுவது எனக்கு வண்டி உருளுவதைவிட பயமாக இருந்தது. "பரவால்லம்மா, சாமானக் குட்த்துடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு. நீ பயத்துல வாங்கற. பயத்துக்கு நான் கட தொறக்கல."

மெக்கானிக் சொன்னார்: "இதப் பாருங்க, இந்தக் கடைவீதியில இருக்கற பட்டற அத்தினியும் எனக்கு வேண்டியவங்க. நாங்க சீட்டு எழுதலன்னா உங்க கட நாலு நாள் நிக்காது."

பாயின் முகம் வெளுத்தது. அது உண்மைதான். மெக்கானிக்குகள் அனுப்புகிற ஆட்களால்தான் அந்தக் கடை ஓடியது.

பாயம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "நாளைக்குக் காலைல மலைக்குப் போலாம். மூட்டையோட. நான் சொல்றது தப்புன்னா கியர் செட்டு நான் சும்மா தரேன். நீ சொல்றது தப்புன்னா இந்தத் தம்பிகிட்ட வாங்கின ரெண்டாயிரத்தத் திருப்பிக் குடு. சரியா?"

"சரி" என்றார் மெக்கானிக். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரும் வேறு என்ன சொல்வார்?

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை என்று சொல்லவேண்டியதில்லை. காலையில் வண்டியைக் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். உப்பு மூட்டை ஒரு பக்கம், வெங்காய மூட்டை ஒரு பக்கம், மேலே பருப்பு. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். முன்னால் நான். பின்னால் மெக்கானிக் தன் வண்டியில். அதற்கும் பின்னால் பாயின் ஸ்கூட்டர், புர்கா காற்றில் படபடக்க.

மூன்றாவது வளைவில் மூன்று, இரண்டு, ஒன்று என்று கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறிவிட்டது. திரும்பி இறங்கி இன்னொரு தடவை ஏறினேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் உயிரை எடுத்த வண்டி, அன்றைக்குப் பார்த்து நல்லபிள்ளையாக இருந்தது.

மெக்கானிக் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இது உள்ள தேஞ்சி இருந்தா இப்பிடித்தான், ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. பாயம்மா, கியர் செட்ட எட்த்து வெய்யுங்க."

பாறையில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண் கேட்டார்: "இன்னா, ரேஸா? பழம் வேணுமா?"

"இரும்மா, தோத்தவங்க வாங்குவாங்க" என்றார் மெக்கானிக்.

பாய் ஸ்கூட்டரிலிருந்து இறங்கவே இல்லை. "போலாமா?" என்று கேட்டார்.

பாயம்மா என் வண்டியைச் சுற்றி வந்தார். மூட்டையைக் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது இன்னா புதுக் கயிறு?"

"நேத்து வாங்கினதும்மா."

"எதுக்கு?"

"நாலு பேர் பாக்கறாங்களே, நல்லா இருக்கட்டுமேன்னு... உயர்த்தி, இறுக்கிக் கட்னேன்."

"தெனம் இப்பிடித்தான் கட்டுவியா?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. "இல்லம்மா. தெனம் ரப்பர் டியூப்பு. கொஞ்சம் தளர்வாத்தான். எறக்கறதுக்கு சுளுவா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை. ஒருவன் தன்னைத்தானே இத்தனை தூரம் ஒளித்துவைப்பானா என்கிற ஆச்சரியம் அது.

"அவுத்துடு. தெனம் கட்ற மாரி கட்டு. அழுக்கா இருந்தா அழுக்காக் கட்டு. கோணலா இருந்தா கோணலாக் கட்டு. எவன் பாக்கறான்னு கவலப்படாத. அவன் பாக்கறதுக்குத்தான் வந்திருக்கறான்."

சீட்டுக்கடியில் கிடந்த பழைய டியூப்பை எடுத்து, எப்போதும்போலக் கட்டினேன். கீழே இறங்கி, மேடு பள்ளத்தில் குலுங்கி, மறுபடி ஏறினேன். வளைவு வந்தது. மூன்றிலிருந்து இரண்டு விழுந்தது. ஒன்றுக்கு மிதித்தேன். லீவர் செத்துக் கிடந்தது. வண்டி இரண்டு தடவை உதறி அணைந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன், இருந்தும் பாரம் என்னைப் பின்னால் இழுத்தது. அந்த நேரம் நான் கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் போட்டவர் பாய். என்னைப்போல் பயந்த அந்த மனுஷர்.

"அப்பிடியே இரு! எறங்காத! ஒண்ணையும் தொடாத!" பாயம்மா ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தார். என் இடது காலுக்குப் பின்னால் கையை விட்டார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"இங்க வா. உன் கைய இங்க வுடு."

மெக்கானிக் குனிந்தார். குதிகால் மிதிக்கிற லீவருக்கும் மேலே தொங்கிய உப்பு மூட்டைக்கும் நடுவில் அவர் கை நுழையவில்லை. விரல்கூட நுழையவில்லை. மலைமேட்டில் வண்டி குலுங்க, மூட்டை கீழே சரிந்து, சட்டத்தைத் தாண்டிப் பிதுங்கி, லீவரின் வால்மேல் உட்கார்ந்திருந்தது. ஒருமுறை மிதித்தால் கீழே போன லீவர் மேலே திரும்பாது. திரும்பாத லீவரை மறுபடி எப்படி மிதிப்பது? முன்னால் விரலால் மிதித்தாலோ, வால் மேலே எழும்ப இடமில்லாமல் பாதிக் கியரில் நின்றுவிடும். கியர் பெட்டிக்குள் ஒரு கோளாறும் இல்லை. மலை இறங்கும்போது மூட்டையே இருக்காது, அதனால்தான் அப்போது கியர் விழுந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, கழுவித் துடைத்து, நான் நல்லபிள்ளையாகக் கொண்டுபோய்க் காட்டிய ஒவ்வொரு தடவையும் என் சீக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

மெக்கானிக் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். வண்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, லீவரைக் கழற்றி, வால்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிற மாதிரி மாட்டினார். சட்டத்துக்குக் கீழே ஒரு பட்டை பற்றவைத்துக்கொள், மூட்டை பிதுங்காது என்றார். அதே டியூப்போடு, அதே கோணல் மூட்டையோடு மறுபடி ஏறினேன். மூன்று, இரண்டு, ஒன்று.

"தோத்தவங்க பழம் வாங்கறதாச் சொன்னாங்களே" என்றார் பாறையிலிருந்த பெண். இரண்டு பலாவையும் மெக்கானிக்தான் வாங்கினார். பாயம்மா ஒரு சுளைகூடத் தொடவில்லை. "ரெண்டாயிரம்" என்று மட்டும் சொன்னார்.

மெக்கானிக்குகள் சொன்னதைச் செய்தார்கள். கடைக்குச் சீட்டு வருவது நின்றது. பாயம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளவில்லை. வருகிற நாலு பேரில் ஒருவரையாவது 'உனக்கு வேணாம் போ' என்று திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. என்னால்தானே என்று ஒருநாள் சொன்னேன்.

"உன்னால இல்ல. உன் மூட்டையால" என்றார். அதற்குமேல் பேசவிடவில்லை.

என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வாங்கிட்டியா?" என்று மட்டும் கேட்பார். மெக்கானிக் நூறும் ஐம்பதுமாகத்தான் கொடுத்தார். விட்டுவிடலாம் என்று எனக்கு இருந்தது. பாதி வந்தபோது, "போதும்மா, வுட்டுடலாம், அவரு மொகத்தப் பாக்கக் கஷ்டமா இருக்குது" என்றேன்.

"உன் பயத்துக்கு அவன் போட்ட வெல அது. வுடறியா?" அப்படியே என்னை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, பட்டறை வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "இன்னா மெக்கானிக்கு, இந்த மாசம் எவ்ளோ?" நான் அவர் பின்னால் ஒளிந்து நின்றேன். அன்றைக்கு நூறு வந்தது.

பிறகு பாயும் பாயம்மாவும் உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டார்கள். ஹைவேயில் லாரி சாமான் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. லாரி டிரைவர்களையும் திருப்பி அனுப்புகிறாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பாயை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒன்பது வருஷமாக நினைக்கிறேன். 'வாங்கிட்டியா?' என்றுதான் முதலில் கேட்பார். அதனால் போகவில்லை.

அவர் போன பிறகு இரண்டு வருஷம் நான் பட்டறைப் பக்கம் தலையைத் திருப்பாமல் போய்வந்தேன். ஒருநாள் காலை, மூட்டையைக் கட்டி மலைக்குப் புறப்பட்டவன், என்ன நினைத்தேனோ, வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினேன். பழைய டியூப், கோணல் மூட்டை, உப்பு சிந்திய சீட்டு. கழுவவில்லை. இறங்கவும் இல்லை.

"இன்னா மெக்கானிக்கு, இந்த மாசம் எவ்ளோ?"

என் குரல்தான் அது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. உள்ளேயிருந்து நிமிர்ந்து பார்த்தவர், வாசலில் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஐம்பது ரூபாயை நீட்டினார்.

"இன்னுமா இத ஞாபகம் வெச்சிக்கினு இருக்கற?"

"இருக்கறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறேன். போகும்போது வயிறு இன்னும் கலக்கத்தான் செய்கிறது, அதையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் போகிறேன். சில வருஷம் தருகிறார், சில வருஷம் சிரிக்கிறார். போன பொங்கலுக்கு ஐம்பது கொடுத்தார். இன்னும் முந்நூற்று ஐம்பது ரூபாய் வரவேண்டும்.